அணாவும் ஈயப் புள்ளிகளும்: பழைய ஓட்டல் விலைப்பட்டியல்களைச் சேகரிக்கும் முறை

பாலக்காடு சந்திப்பை ஊரார் ஒலவக்கோடு என்றே சொல்லிவந்த காலத்தில், அந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நடந்த ஒரு சைவ ஓட்டலின் விலைப்பட்டியல்தான் என் சேகரிப்பில் முதலில் வந்து சேர்ந்தது. மடிக்காத ஒற்றை அட்டை, மாம்பழ மஞ்சள் நிறம். முன்புறத்தில், டவராவில் நிற்கும் டம்ளரிலிருந்து ஆவி பறக்கும் படம், துத்தநாக பிளாக்கில் அடித்தது. மறுபுறத்தில் பட்டியல்: இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம், விலை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக நடுவில் ஒரே வரிசையில். தமிழ் படிப்பவர் பண்டத்திலிருந்து விலைக்குப் போகிறார். மலையாளம் படிப்பவர் விலையிலிருந்து பண்டத்துக்கு வருகிறார். எண்களை இருமுறை கோக்கும் வேலை அச்சகத்துக்கு மிச்சமாகிறது. அதைக் கோத்த கம்பாசிட்டர் யாரென்று அட்டையில் இல்லை. ஆனால் இரண்டு மொழிக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும் ஊரை ஒரு சாண் அட்டைக்குள் அடக்கத் தெரிந்தவர் அவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

விலைப்பட்டியல் சேகரிப்பு என்றதும் பலர் நட்சத்திர ஓட்டல்களின் தோலுறை போட்ட புத்தகங்களையும், கப்பல்களிலும் விமானங்களிலும் கொடுத்த வண்ண அட்டைகளையும் நினைத்துக்கொள்கிறார்கள். அவையும் அழகானவைதாம், ஆனால் அழகுக்காகவே பலரால் எடுத்து வைக்கப்பட்டுவிட்டதால் இன்னும் கிடைக்கின்றன. தமிழ்நாடு–கேரள எல்லைப்புறத்துச் சிறிய ஓட்டலின் பட்டியலை யாரும் எடுத்து வைக்கவில்லை. காப்பி விலை ஏறியதும் பழைய அட்டை அடுப்பில் போனது, அல்லது பொட்டலம் கட்டப் பயன்பட்டது. வாளையார் முதல் கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் வரை நீளும் இந்தப் பகுதியில் எத்தனையோ ஓட்டல்கள் நடந்து மூடியிருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவற்றின் ஒரு துண்டுக் காகிதம்கூட எஞ்சவில்லை. ஆகவே புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அழகான அட்டையைத் தேடாதீர்கள், புழங்கிய அட்டையைத் தேடுங்கள்.

உலகில் இந்த வகைச் சேகரிப்பின் பெரிய எடுத்துக்காட்டு நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. பிராங்க் பட்டால்ஃப் என்ற பெண்மணி 1899இல் தம்மிடமிருந்த விலைப்பட்டியல்களை அந்த நூலகத்துக்கு அளிக்க முன்வந்து, 1924இல் இறக்கும்வரை விடாமல் சேர்த்துக்கொண்டே போனார். அவர் சேர்த்தவை மட்டும் 25,000க்கும் மேல். 2011இல் அந்த நூலகம் அட்டைகளை இணையத்தில் ஏற்றி, அவற்றிலுள்ள பண்டங்களையும் விலைகளையும் தட்டச்சு செய்து தருமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. பெரிய செல்வமோ பதவியோ இல்லாத ஒருவர், கேட்டுக் கேட்டு வாங்கியே உருவாக்கிய சேகரிப்பு அது. கேட்பதுதான் இந்த வேலையின் முதல் கருவி.

எங்கே தேடுவது

ஓட்டலிலிருந்து தேடத் தொடங்குவதைவிட அச்சகத்திலிருந்து தொடங்குவது பலன் தரும். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்த சிறிய ஜாப் பிரஸ்களில், அடித்த ஒவ்வொரு வேலையிலும் ஒரு மாதிரியை ஒரு பழைய பேரேட்டில் ஒட்டி வைக்கும் வழக்கம் இருந்தது, அடுத்த முறை வருபவரிடம் காட்டி, “இந்த மாதிரி போதுமா?” என்று கேட்பதற்காக. அச்சகத்தை மூடி ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டவர்கள்கூட அந்தப் பேரேட்டைப் பரணில் வைத்திருக்கக்கூடும். ஓட்டல் குடும்பங்களில் கேட்கும்போது “மெனு கார்டு இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் இல்லை என்ற பதிலே வரும். கல்லாப்பெட்டியின் அடியில் விரித்திருந்த காகிதம், சாப்பாட்டு டோக்கன், எடுப்புச் சாப்பாட்டுக் கணக்கு நோட்டு, சுவரில் தொங்கிய எனாமல் போர்டு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சிறிய ஓட்டல்கள் பலவற்றில் மேசைக்கு அட்டை கொடுக்கும் பழக்கமே இருந்ததில்லை, சுவர்ப் பலகைதான் பட்டியல். அதை வாங்கிக் கொண்டுவர முடியாவிட்டால் நேராக நின்று நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் சேகரிப்பில் சேரும்.

பழைய பேப்பர் கடைகளையும், இங்கே ஆக்கிரிக் கடை என்று நாம் சொல்லும் காயலான் கடைகளையும் மாதம் ஒருமுறையாவது எட்டிப்பார்ப்பது நல்லது. கடைக்காரரிடம் ஒரு மாதிரி அட்டையைக் காட்டிவிட்டு வந்தால் அவரே எடுத்து வைப்பார். நாணயம், அஞ்சல்தலை விற்கும் கண்காட்சிகளிலும் இத்தகைய காகிதங்கள் சில சமயம் ஒரு மூலையில் கிடக்கும். இன்றும் நடக்கும் ஓட்டலில் பிடித்த அட்டையைப் பார்த்தால், முதலாளியிடம் கேட்டு வாங்க வேண்டும், சொல்லாமல் எடுத்துவரக் கூடாது. ஒரு குடும்பம் தன்னிடமுள்ள ஒரே பிரதியைக் கொடுக்கத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். அவர்கள் வீட்டிலேயே வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, நல்ல தாளில் ஒரு வண்ணப் பிரதி எடுத்துச் சட்டம் போட்டு அவர்களுக்குக் கொடுங்கள். அப்படிக் கொடுத்த இரண்டு வீடுகளில், சில மாதங்களுக்குப் பிறகு அவர்களாகவே அழைத்து மூல அட்டையை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

காலத்தைக் கணிப்பது

விலைப்பட்டியல்களில் ஆண்டு அச்சிடுவது மிக அரிது. ஆகவே உள்ளே இருக்கும் தடயங்களைக் கொண்டுதான் காலத்தை நிறுவ வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

முதலில் பணத்தைப் பாருங்கள். 0–2–6 என்று மூன்று எண்கள் கோடு போட்டு நின்றால் அது ரூபாய், அணா, பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்பதால் இது இரண்டரை அணா. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு காசாகப் பிரிக்கப்பட்டது. புதிய காசுக்கு நயா பைசா என்று பெயர். 1964 ஜூன் 1 முதல் “நயா” நீங்கி வெறும் பைசா ஆனது. இந்த ஏழாண்டுக்கு உட்பட்ட அட்டைகளில் “ந.பை.” என்ற சுருக்கம் இருக்கும். அதற்குள்ளும் முன்பின் பிரிக்க வழியுண்டு. ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, ஆறணாவுக்கு 37 நயா பைசா என்று மாற்றுக் கணக்கு வைத்திருந்தார்கள். விலைகள் 12, 19, 37 என்று ஒழுங்கில்லாமல் நின்றால், பழைய அணா விலையை அப்படியே மாற்றி அச்சிட்ட தொடக்க ஆண்டுகளின் பட்டியல் அது. 15, 20, 40 என்று முழுமையாகிவிட்டால், கடைக்காரர் புதிய காசுக்குப் பழகி விலையைத் திருத்திவிட்டார் என்று பொருள். என் மஞ்சள் அட்டையில் காப்பி 19, டீ 12, நெய் ரோஸ்ட் 37. நெய் ரோஸ்ட்டின் விலையை நீல மையால் அடித்து 40 என்றும், அதையும் அடித்து 45 என்றும் எழுதியிருக்கிறார்கள். அச்சடித்தது 1957க்கும் 1964க்கும் இடையில், அதிலும் முன்பகுதியில் என்று இந்த மூன்று எண்களைக் கொண்டே சொல்லிவிட முடிகிறது. ஒரே அட்டை பல விலையேற்றங்களைத் தாங்கி உழைத்தது என்பதும் தெரிகிறது. தெற்கே திருவிதாங்கூர்ப் பகுதிப் பட்டியல்களில் சக்கரமும் காசும் வரும். அங்கே 16 காசு ஒரு சக்கரம். இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய்.

அடுத்து முகவரி. எல்லைப்புறத்தில் வாழ்வதன் நன்மை இங்கேதான் தெரியும், ஏனெனில் நம் ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றின் மேல் ஆட்சிகள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. அதற்கு நெருக்கத்திலேயே உள்ள சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. “கொச்சி சமஸ்தானம்” என்று அச்சிட்ட சித்தூர் அட்டை 1949 ஜூலைக்கு முற்பட்டது. “திரு–கொச்சி” (திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த மாநிலம்) என்றிருந்தால் 1949க்கும் 1956க்கும் இடைப்பட்டது. “மலபார் ஜில்லா” என்பது, அது 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தில் சேர்ந்த பிறகும், 1956 முடியும்வரை பொருந்தும். பாலக்காடு ஜில்லா உருவானது 1957 ஜனவரி 1 அன்று. கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் கேரளப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததும் அதே 1956 நவம்பர் 1 அன்றுதான் என்பதால், அங்கே கிடைக்கும் அட்டைகளுக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாம். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைப் பட்டியலில் “சௌத் இண்டியன் ரயில்வே” என்றிருந்தால் 1951 ஏப்ரலுக்கு முற்பட்டது, பிறகு அது தென்னக ரயில்வே ஆகிவிட்டது. ஆறிலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஆங்கிலத்தில் “பால்காட்” என்று எழுதிய பெயர் 1990இல் “பாலக்காடு” ஆனது. ரூபாய்க்கான இன்றைய குறியீடு 2010க்குப் பிறகு. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் 2011க்குப் பிறகு. ஜிஎஸ்டி எண் 2017 ஜூலைக்குப் பிறகு.

எழுத்தும் காலம் சொல்லும். எந்த ஓட்டல் பட்டியலிலும் தவறாமல் வரும் இரண்டு சொற்கள் “காலை”, “மாலை”. அவற்றிலுள்ள லகர ஐகாரத்தைப் பாருங்கள்: யானைத் துதிக்கைபோல மேலே வளைந்த கொம்புடன் இருந்தால் பழைய வடிவம், ஐகாரக் குறி தனியாக முன்னால் நின்றால் சீர்திருத்த வடிவம். தமிழக அரசு 1978இல் சீர்திருத்த எழுத்தை ஏற்று ஆணையிட்டது. “அணா” என்ற சொல்லே ஒரு சோதனைச் சொல்தான், பழைய முறையில் அதன் ணா ஒரே எழுத்தாகச் சுழிந்திருக்கும். பெரியாரின் ஏடுகள் 1935 முதலே புதிய வடிவத்தைப் பயன்படுத்தின என்றாலும், ஊர்ப்புற அச்சகங்கள் அதைப் பின்பற்றியதில்லை. அதனால் அணா விலையும் புதிய லையும் ஒரே அட்டையில் சேர்ந்து வந்தால், யாரோ பின்னாளில் கணினியில் செய்த பிரதியா என்று உடனே ஐயப்படுங்கள். மறுதலையாக, பழைய எழுத்து இருப்பதாலேயே 1978க்கு முற்பட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஈய எழுத்து வாங்குவது பெரிய செலவு. தமிழக அரசின் ஆணை கேரளத்திலிருந்த அச்சகத்தைக் கட்டுப்படுத்தவும் இல்லை. எங்கள் பக்கத்தில் பழைய எழுத்துகள் தேயும்வரை உழைத்தன. மலையாளப் பகுதியையும் கவனியுங்கள்: 1971இல் மலையாள எழுத்தும் சீர்திருத்தப்பட்டு, உகரக் குறிகள் மெய்யிலிருந்து பிரிந்து தனியாக நிற்கத் தொடங்கின. ஒரே அட்டையில் இரு மொழிகளின் எழுத்து வடிவங்களையும் ஒப்பிட்டுக் காலத்தை நெருக்கும் வசதி எல்லையிலிருந்து தள்ளி வாழும் சேகரிப்பாளர்களுக்கு வாய்ப்பதில்லை.

கடைசியாகப் பண்டங்கள். குளிர்பானப் பகுதி மிக நம்பகமானது. கோகோ கோலா 1977இல் இந்தியாவை விட்டு வெளியேறி 1993இல் திரும்பி வந்தது, ஆகவே அந்தப் பெயர் இருக்கும் பட்டியல் ஒன்று 1977க்கு முந்தையது, அல்லது 1993க்குப் பிந்தையது. தம்ஸ் அப் வந்தது 1977இல். சிக்கன் 65 சென்னை புகாரி ஓட்டலில் 1965இல் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. மஞ்சூரியன் வகைகள் 1975இல் மும்பையில் நெல்சன் வாங் செய்த சிக்கன் மஞ்சூரியனிலிருந்து கிளைத்தவை. ஆகவே காலிஃபிளவர் மஞ்சூரியன் உள்ள பட்டியல் எவ்வளவு கறையேறி இருந்தாலும் அதற்குப் பின்வந்ததே. “திங்கள் இரவு விடுமுறை” என்ற வரியைக் கண்டால் நின்று யோசியுங்கள்: 1965இல் உணவுத் தட்டுப்பாட்டின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவைத் தவிர்க்கக் கேட்டுக்கொண்டதையொட்டி, ஓட்டல்கள் திங்கள்கிழமை மாலையில் அடைத்தன. அந்த ஒரு வரி மட்டும் போதுமான சான்று ஆகாது, ஆனால் பண்டங்களின் விலையும் ஒத்துவந்தால் வலுவான சான்று.

கோத்தவரின் கையைப் பார்ப்பது

காலம் தெரிந்தபின் அட்டையைச் சன்னல் ஓரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடியுங்கள். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷினில் ஈய எழுத்தால் அடித்ததென்றால் எழுத்துகள் தாளில் பதிந்து, பின்புறம் விரல் நுனிக்கு மேடாகத் தட்டுப்படும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எழுத்தின் விளிம்பில் மை சற்றே ஒதுங்கிக் கரை கட்டியிருக்கும். ஈய எழுத்தில்லாமல் தகட்டிலிருந்து அடிக்கும் ஆப்செட்டில் இந்தப் பள்ளம் இராது, வண்ணப் படங்கள் சிறு புள்ளிகளின் கூட்டமாகத் தெரியும். இரண்டு நிறத்தில் அடித்த அட்டையில் சிவப்பு பார்டர் ஒரு மயிரிழை விலகியிருந்தால், அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஒரே தாள் இருமுறை மிஷினுக்குள் போய்வந்ததன் அடையாளம் அது.

என் மஞ்சள் அட்டையில் தோசைப் பகுதியை மட்டும் ஒரு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சாதா தோசை, மசால் தோசை, ரவா தோசை, வெங்காய தோசை என்று வரிசை நீளும்போது, ஒவ்வொரு தோசைக்கும் ஓர் ஐகாரக் குறி செலவாகிறது. கீழே வடைகளுக்கும் அதே குறி வேண்டும். ஏழாவது வரிக்குப் பிறகு கம்பாசிட்டரின் எழுத்துப் பெட்டியில் அந்த அளவுக் குறி தீர்ந்துவிட்டது. அதற்குக் கீழே வரும் தோசைகளிலெல்லாம் ஐகாரக் குறி மட்டும் தடித்த எழுத்திலிருந்து கடன் வாங்கப்பட்டிருக்கிறது. பெயருக்கும் விலைக்கும் இடையே ஓடும் ஈயப் புள்ளிகளும் அப்படியே: வலப்பக்கம் மலையாளச் சொல் நீளமாகும் இடங்களில் ஒரு புள்ளியைக் குறைத்து, விலை வரிசை கோணாமல் நிறுத்தியிருக்கிறார். கணினியில் இன்று இழுத்துவிட்டால் நேராகிவிடும் ஒன்றை, ஒவ்வோர் ஈயத் துண்டாக எடுத்து வைத்து நேராக்கிய கைவேலை அது. இந்தக் காகிதங்களைக் கலை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இரு மொழிப் பட்டியலில் சொற்களையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் டீ, மலையாளப் பக்கத்தில் சாயா, இங்கே சாப்பாடு, அங்கே ஊண், இது எதிர்பார்த்ததுதான். ஆனால் பருப்பு வடைக்குத் தமிழ்ப் பக்கத்திலும் “பரிப்பு வடை” என்றே அச்சாகியிருப்பதும், பழம்பொரிக்குத் தமிழில் வேறு பெயரே தேடாமல் விட்டிருப்பதும், இடியாப்பத்துக்கு நூல்புட்டு என்று இருபுறமும் போட்டிருப்பதும், எல்லைத் தமிழ் எப்படிப் பேசப்பட்டது என்பதற்கு அச்சிலுள்ள சாட்சி. இவற்றை எழுத்துப்பிழை என்று திருத்திப் பதிவு செய்துவிடாதீர்கள். பெயர்ப் பகுதியில் வரும் சொற்களுக்கும் இது பொருந்தும்: பழைய அட்டைகளில் “பிராமணாள் காப்பி கிளப்” போன்ற சொற்கள் வரும், அவற்றை எதிர்த்து 1957இல் பெரியார் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன் போராட்டம் நடத்தினார். அத்தகைய சொல் நம்மை உறுத்தினாலும் மறைக்காமல், வெட்டாமல் வைத்திருப்பதுதான் சேகரிப்பாளரின் கடமை.

கையெழுத்துக் குறிகளுக்கு விளக்கம் கேட்க, அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களைத் தேடிப் போங்கள். என் அட்டையில் போண்டா, கேசரி உட்படச் சில பண்டங்களின் ஓரத்தில் பென்சில் புள்ளி இருந்தது. பல ஆண்டுகள் எனக்கு அது புரியவில்லை. கொழிஞ்சாம்பாறையில் ஓய்ந்திருந்த, ஓட்டலில் பலகாரம் போட்ட ஒரு சரக்கு மாஸ்டரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைக்கூட மாட்டாமல் சொன்னார்: “தம்பி, இது மூணு மணிக்கு மேலதான் கிடைக்கும்னு அர்த்தம். காலையில கேக்கறவங்களுக்கு இல்ல இல்லன்னு சொல்லி முடியாது. அதான் சப்ளையர் பையன் புள்ளி வச்சிருக்கான்.” அவர் சொன்னதை அன்று இரவே எழுதி அட்டையுடன் வைத்தேன். அந்த விளக்கம் இல்லையென்றால் அந்தப் புள்ளிகள் வெறும் அழுக்கு.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் “பழைய மெனு” என்று விற்கப்படுபவற்றில் பல, டீத்தண்ணீரில் நனைத்து உலர்த்திய புதிய தாள்கள். உண்மையான தாள் ஓரத்தில்தான் அதிகம் பழுத்திருக்கும், நடுவில் வெளிறியிருக்கும். போலி எங்கும் ஒரே பழுப்பாக இருக்கும். பின்புறம் விரலுக்கு வழவழப்பாகவே தட்டுப்படும். எண்ணெய்க் கறை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊடுருவியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மழைக்காலத்துக்குத் தாங்கும்படி வைப்பது

முதலில் செய்யக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கெட்டுப்போன அட்டைகளில் பெரும்பாலானவை அக்கறையால் கெட்டவை. லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க வழியில்லை. செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் பழுப்பாகத் தாளுக்குள் இறங்கி நிற்கும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். சாம்பார்க் கறையையும் மஞ்சள் விரல் தடத்தையும் எடுக்க முயலவே வேண்டாம். அவை அந்த அட்டை பிழைத்த வாழ்க்கையின் பகுதி. சட்டம் போடக் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை ஓர் அரிய அட்டையை ஒரு சட்டக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் அதைப் பலகையில் வெள்ளைப் பசை தடவி ஒட்டிவிட்டார்கள். அதன் பின்புறத்தில் முதலாளி பென்சிலால் எழுதிய ஒரு மாதப் பால் கணக்கு இருந்தது. முகப்பு இன்றும் சுவரில் பளிச்சென்று இருக்கிறது, பால் கணக்கை இனி யாராலும் படிக்க முடியாது.

செய்ய வேண்டியது எளிது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, அமிலமற்ற தாளில் செய்த உறையிலோ, ஒளி ஊடுருவும் பாலியஸ்டர் உறையிலோ இடுங்கள். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து மையை உரித்துவிடும். பழைய அட்டைகள் பெரும்பாலும் மரக்கூழ்த் தாள் என்பதால் உள்ளேயிருக்கும் அமிலமே அவற்றைப் பழுக்க வைக்கிறது. நாளிதழ்த் தாளையும் சாதாரண அட்டைப்பெட்டியையும் ஒட்டி வைத்தால் அது விரைவுபடும். கிழிந்திருந்தால், மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுப் பசையால் பின்புறம் ஒட்டலாம்; பிற்காலத்தில் நீர் தொட்டு எடுத்துவிடக்கூடிய பசை அது. கைப்பழக்கம் இல்லாவிட்டால் கிழிசலை அப்படியே உறைக்குள் வைத்துவிடுவதே மேல்.

எங்கள் பக்கத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றும், இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், தொடங்கும் மழையும் தாளுக்குப் பெரும் சோதனை. காற்றின் ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி இருந்தால் தாள் நன்றாக இருக்கும். ஆனி, ஆடியில் அது எங்கேயோ போய்விடும், பூஞ்சைப் புள்ளிகள் கிளம்பும். பெட்டியைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காமல், வீட்டின் உட்சுவர் அலமாரியில் நடுத்தட்டில் வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இடுங்கள். வசம்பும் வேப்பிலையும் துணியில் முடிந்து அலமாரியில் வைக்கும் பழக்கம் சுவடிக் காலத்திலிருந்து வருவது, நானும் வைக்கிறேன், ஆனால் அவை தாளைத் தொடாதபடி. எண்ணெயும் மாவும் ஊறிய ஓட்டல் அட்டை என்றால் ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. புதிதாக வரும் எந்த அட்டையையும் நேரே பெட்டியில் சேர்க்காமல், பாலிதீன் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் இரண்டு வாரம் வைத்து, பிறகு பையைத் திறக்காமலேயே ஒரு நாள் வெளியே வைத்து அறையின் சூட்டுக்கு வரவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அனல் தாளில் அச்சாகும் இன்றைய பில்களைச் சேர்ப்பவர்கள் வாங்கிய அன்றே நகலெடுத்துவிடுங்கள், அவற்றின் எழுத்து சில ஆண்டுகளில் மறைந்துவிடும்.

பதிவு

சேகரிப்பையும் காகிதக் குவியலையும் பிரிப்பது பதிவேடு. ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண் கொடுத்து, அதை அட்டையின் பின்புறக் கீழ் மூலையில் மென்மையான 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள், பேனா கூடவே கூடாது. பதிவேட்டில் ஓட்டலின் பெயர், ஊர், கிடைத்த இடம், கொடுத்தவர் சொன்ன செய்தி, நீள அகலம், அச்சு முறை, கணித்த காலம், அந்தக் கணிப்புக்கான காரணம் ஆகியவை இருக்க வேண்டும். காரணத்தை எழுதாமல் ஆண்டை மட்டும் எழுதினால், பின்னால் வருபவர் அதைச் சரிபார்க்க முடியாது. கொடுத்தவர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்றால் அந்தச் செய்தியை உங்கள் நோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருபுறமும் 600 டிபிஐ அளவில் வண்ணத்தில் நகலெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அதோடு நில்லாமல், பண்டம், அச்சிட்டபடியே எழுத்து, விலை என்று ஒரு கணினி அட்டவணையில் ஏற்றிவிட்டால், இருபது அட்டை சேர்ந்ததுமே நெய் ரோஸ்ட் எந்த ஊரில் எப்போது எவ்வளவு விற்றது என்று தேடிப் பார்க்கலாம். நியூயார்க் நூலகம் செய்ததும் இதைத்தான், நாம் அதை வீட்டுக் கணினியிலேயே செய்யலாம்.

ஆடி மாதத்தை மலையாளத்தார் கர்க்கடகம் என்பார்கள். அந்த மழை ஓய்ந்து, ஓணத்துக்கு முன் நல்ல வெயில் அடிக்கும் முதல் ஞாயிறன்று, பெட்டிகளை முழுவதும் திறந்து பாருங்கள். அட்டைகளை வெயிலில் காட்டாமல் காற்றோட்டமான நிழலில் விரித்து, நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறிய சிலிக்கா ஜெல்லைச் சமையலுக்குப் புழங்காத பாத்திரத்தில் இளஞ்சூட்டில் வறட்டி எடுத்து, உறைகளின் ஓரங்களில் பூச்சித் துகள் உதிர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, பார்த்த தேதியைப் பெட்டியின் உள்மூடியில் பென்சிலால் எழுதிவிட்டுத் திரும்ப அடுக்குங்கள். விரித்த அன்றைக்கு வீட்டில் காப்பி அந்த மேசைப் பக்கம் வரக் கூடாது.